புழு சாப்பிட்ட இலை

கவுண்டர் மேல் ஃப்ரேமை வைத்துவிட்டு, "இதுல மூணாவது வரி எங்கங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்திருந்தாள். தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது. கடைக்குள் ஈரம் என்றாலே என் வீட்டுக்காரருக்கு ஆகாது. அட்டை உப்பிவிடும், கண்ணாடிக்குள் பூஞ்சை வந்துவிடும் என்று புலம்ப ஆரம்பித்துவிடுவார். நல்லவேளை, அவர் உள்ளறையில் மரச்சட்டம் அறுத்துக்கொண்டிருந்தார். நான்தான் முன்னால் இருந்தேன். காலையில் வருகிற முதல் ஆளே குறை சொல்லிக்கொண்டு வருகிறதே என்று எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன வரிம்மா? நாங்க ஃப்ரேம் போடறவங்க. எழுதறது கிறுக்கறதெல்லாம் எங்க வேலை இல்ல" என்றேன்.

அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். அடுத்த தெரு மருந்துக்கடையில் நிற்கிறவள். டாக்டர்கள் கிறுக்கித் தருகிற சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டிச் சரியான மாத்திரையை எடுத்து வைப்பாள். வீட்டுக்காரரின் முட்டி வலிக்குத் தைலம் அவளிடம்தான் வாங்குவேன். அங்கே வெள்ளைக் கோட்டு போட்டிருப்பதால் ஏதோ பெரிய படிப்புப் படித்தவள் மாதிரி இருப்பாள். இங்கே கோட்டு இல்லாமல், தலை கலைந்து, வேறு ஆளாக நின்றாள்.

ஃப்ரேமைத் திருப்பிப் பார்த்தேன். நாங்கள் போட்டதுதான். நூலகத்தில் குழந்தைகள் கண்காட்சிக்காகப் போட்டுக்கொடுத்தவற்றில் ஒன்று. சொரசொரப்பான பழுப்புத் தாளில், பச்சை மை தடவி அச்சு எடுத்த ஓர் இலை. நரம்பெல்லாம் துல்லியமாக விழுந்திருந்தது. மற்ற பிள்ளைகளெல்லாம் முழு இலையாகத் தேடி எடுத்திருக்க, இந்தப் பிள்ளை மட்டும் புழு தின்று சல்லடையாக்கிய இலையை எடுத்திருந்தது. ஓட்டை இருந்த இடத்திலெல்லாம் மை படாமல் வெறும் தாள் தெரிந்தது. காம்புக்குப் பக்கத்தில் பென்சிலால் கோணல்மாணலாக ஒரு வரி: 'புழு சாப்பிட்ட இலை'. இலையின் விளிம்பை ஒட்டியே வளைந்து போகிற இன்னொரு வரி: 'தூக்கிப் பிடித்தால் ஓட்டையில் வானம்'. அவ்வளவுதான்.

"ரெண்டு வரிதானேம்மா எழுதியிருக்கு. சின்னப் பிள்ளைதானே, பாதில எழுந்து விளையாடப் போயிருக்கும்."

"இல்லைங்க. மூணு வரி எழுதினா. அடியில எழுதினேன்னு அவளே சொன்னா. இலை கீழ விழுந்து கிடக்கிற மாதிரி, தாளோட அடி ஓரத்துல."

அவள் அடி ஓரம் என்று சொன்னதும் உள்ளறையில் ரம்பச் சத்தம் நின்றுவிட்டது.

அது ஏன் நின்றது என்பது புரிய வேண்டுமானால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, எஃகு ஸ்கேல் இருக்கும். பேச்சும் அப்படித்தான், வளையாது. படத்துக்குத்தான் ஃப்ரேம், ஃப்ரேமுக்காகப் படம் இல்லை என்பார். யாருடைய படமானாலும் ஒரு நூல் அளவுகூட வெட்ட மாட்டார். ஒரு தடவை ஓர் ஆள் கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்து, ஓரத்தில் நிற்கிற மச்சானை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு ஃப்ரேம் போட்டுத் தரச் சொன்னான். ஏதோ சொத்துத் தகராறு. 'உங்க மச்சானை வெட்டணும்னா உங்க வீட்ல வெச்சு வெட்டுங்க, என் கடைல வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார். வருகிற வியாபாரத்தை விரட்டுகிறாரே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்படிப்பட்ட மனுஷன்தான் இந்தத் தாள்களை வெட்டினார். நூலகத்தில் விடுமுறை வகுப்பு எடுக்கிற கைவேலை டீச்சர் ஒரு சாயங்காலம் மூச்சிரைக்க வந்து, தாள்களையும் எங்கேயோ மொத்தமாக வாங்கிய ரெடிமேட் ஃப்ரேம்களையும் கவுண்டரில் இறக்கினாள். ஜப்பான்காரர்களின் ஹைக்கூ என்று எங்களுக்கு விளக்கமெல்லாம் சொன்னாள். பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய், விழுந்து கிடக்கிற இலைகளைப் பொறுக்கச் சொல்லி, அச்சு எடுக்க வைத்து, பக்கத்தில் மூன்றே வரியில் பாட்டு. 'முதல் ரெண்டு வரி கண்ணு பாத்தது. மூணாவது வரிலதான் பிள்ளை உள்ள வரும். எழுத்தை எங்க வேணா எழுதுங்க, இலை விழற மாதிரி விழட்டும்னு சொல்லிட்டேன்' என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வாங்கி வந்த ஃப்ரேமைவிடத் தாள் இரண்டு விரல் நீளம். வீட்டுக்காரர் ஸ்கேலை வைத்துக் காட்டினார். 'ஐயோ சார், நாளைக்குக் காலைல கண்காட்சி. ஓரம்தானே, பாத்து எடுத்துடுங்க' என்றாள் டீச்சர்.

எடுத்தார். பெரியவர்கள் வரைந்தது என்றால் சண்டை போட்டிருப்பார், வேறு ஃப்ரேம் வாங்கி வா என்று விரட்டியிருப்பார். பிள்ளைகள் வேலைதானே. மேல் விளிம்பைத் தட்டிச் சமமாக்கி, அத்தனை தாளையும் ஒன்றாக அடுக்கி, வெட்டுகிற மெஷினில் வைத்து ஒரே அழுத்து. ஒன்றையும் படிக்கவில்லை. இலை நடுவில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தார். மற்ற பிள்ளைகள் டீச்சர் என்ன சொல்லியும் பழக்கதோஷத்தில் இலைக்குப் பக்கத்திலேயே வரிசையாக எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு எழுத்து எதுவும் போகவில்லை. டீச்சர் சொன்னதை அப்படியே கேட்ட ஒரே பிள்ளைக்குத்தான் போயிருக்கிறது.

"பிள்ளையையே கேட்டுப் பாருங்களேன்ம்மா, சொல்லிடப் போகுது" என்றேன். விஷயத்தை இலேசாக முடித்துவிடலாம் என்ற நினைப்பு.

"அவ இப்ப இங்க இல்லைங்க."

குடையை மடக்கி ஓரமாகச் சாய்த்து வைத்தாள். அப்புறம் மருந்து எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்கிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். புருஷனும் அவளும் பிரிந்து ரொம்ப நாளாகிவிட்டது. பிள்ளை அப்பாவிடம்தான் இருக்க வேண்டும் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். அவருக்கு வெளிநாட்டில் வேலை, பெரிய வீடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள கூடவே அக்கா. இவளுக்கு நின்றுகொண்டே பார்க்கிற வேலை, ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசிக்கொள்ளலாம். பிள்ளை ஊருக்குப் போகிற கடைசி வாரம், கூடவே இருக்கலாம் என்று கடையில் லீவு கேட்டிருக்கிறாள். கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் பிள்ளையை நூலகத்து வகுப்பில் விட்டிருக்கிறாள்.

"சாயந்திரம் கூட்டிட்டு வரும்போது நடந்துக்கிட்டே சொன்னா. ரெண்டு வரி சொன்னா. மூணாவது உனக்கு எழுதினதும்மா, இப்ப சொல்ல மாட்டேன், கண்காட்சில நீயே போய்ப் படிச்சுக்கோன்னுட்டா. எவ்வளவு கெஞ்சியிருப்பேன் தெரியுமா? ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. சரி, அவ போனதுக்கப்புறம் படிக்கறதுக்கு ஒண்ணு இருக்கட்டுமேன்னு நானும் விட்டுட்டேன்."

கண்காட்சி அன்றைக்குப் பிள்ளை விமானம் ஏறிவிட்டது. இவள் விமான நிலையத்திலிருந்து நேராக நூலகத்துக்குப் போயிருக்கிறாள்.

வீட்டுக்காரர் உள்ளறை வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் மரத்தூள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஏதாவது சாக்கு சொல்லுங்களேன், டீச்சர்தான் வெட்டச் சொன்னாள் என்று சொல்லுங்களேன் என்று நான் கண்ணாலேயே ஜாடை காட்டினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"நான்தாம்மா வெட்டினேன். படிக்கலை. வெட்டிட்டேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். பதிலுக்கு என்ன பேசுவது என்றுகூடத் தயாராகிவிட்டேன். சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நாங்களும் நாலு வார்த்தை பேசி, ஆறிப்போயிருப்போம். அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெட்டின துண்டு எங்க இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

வெட்டிய துண்டுகளை இவர் எறிய மாட்டார். கண்ணாடித் தகடுகளை நிமிர்த்தி அடுக்கும்போது ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் காகிதத் துண்டுகளைச் செருகிவைப்பார். மூன்று பேருமாகக் கண்ணாடி ஸ்டாண்டில் தேடினோம். அவர் ஒவ்வொரு தகடாக நகர்த்திப் பிடித்துக்கொள்ள, அவள் விரலை விட்டுத் துண்டுகளை உருவினாள். கண்ணாடி கீறிவிடும், கையுறை போட்டுக்கொள் என்றால் கேட்கவில்லை. பழுப்புத் துண்டு ஒவ்வொன்றாக வந்தது. பெரும்பாலும் வெறுமை. ஒன்றில் பச்சை மை இழுவியிருந்தது, ஒன்றில் காம்பு நுனி, ஒன்றில் ஏதோ ஒரு பையன் போட்ட சூரியனின் பாதி. ஒவ்வொரு துண்டையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கசங்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தாள். அவள் மகளின் துண்டு அதில் இல்லை.

"மிச்சம் எங்க?"

மிச்சம், புதிதாகக் கட்டுகிற ஒரு வீட்டின் ஜன்னல்களுக்குப் போன கண்ணாடியோடு போய்விட்டது. வீட்டுக்காரர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, அந்தத் தூறலில் கிளம்பிவிட்டார். மழையில் நனைந்தால் அவருக்கு முட்டி வீங்கும்.

அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "ஃப்ரேம் இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, கண்ணாடி மேல் பதிந்திருந்த தன் விரல் அடையாளத்தைத் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் போன் பண்ணி டீச்சரை வரவழைத்தேன். வந்தவுடனேயே, "நான் சொன்னது ஓரம் எடுக்கத்தானேக்கா, எழுத்தை எடுக்கவா சொன்னேன்?" என்று ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "எழுத்தை எங்க வேணா எழுதுங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொன்னது யாரும்மா? ஓரம்னா அதுவும் எங்க வேணாங்கிறதுல சேத்திதானே?" என்றேன். போனை எடுத்துப் படங்களைத் தள்ளித் தள்ளி ஒன்றைக் காட்டினாள். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து எடுத்தது. முன் பல் விழுந்த பெண், தாளை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். முதல் வரி தெரிகிறது. இரண்டாவது வரி தெரிகிறது. அடி ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். எழுத்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கட்டை விரல்கள். படத்தைப் பெரிதாக்கினால் நகத்திடுக்கில் பச்சை மைதான் பெரிதாகத் தெரிந்தது.

"நான் படிச்சேன்க்கா. கண்டிப்பாப் படிச்சேன். நல்லா இருக்குன்னுகூடச் சொன்னேன். ஆனா என்னன்னு..." அவள் அழ ஆரம்பித்தாள். "எல்லாருக்குமே நல்லா இருக்குன்னுதான் சொன்னேன்."

அவளை என்ன சொல்வது? இந்தக் காலத்தில் யார் எதை ஒழுங்காகப் படிக்கிறார்கள்? ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்து, மிச்சத் தாள் இருந்தால் ஒன்று கொண்டுவந்து கொடு, ஒட்டுப்போடவாவது ஆகும் என்று சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்காரர் சாயங்காலம்தான் திரும்பினார். செருப்பில் சிமெண்டுச் சேறு. ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடி மாட்டி முடித்துவிட்டார்களாம். குப்பையை வீட்டுக்குப் பின்னால் குவித்திருந்தார்களாம். இவர் ஒரு குச்சியை எடுத்து அந்தக் குவியலைக் கிளறிக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஏதாவது பொன்னைத் தொலைத்துவிட்டாரோ என்று வேலைக்காரர்களும் சேர்ந்து தேடினார்களாம். "காகிதம்னு சொன்னேன். சிரிச்சானுங்க. கிடைச்சதெல்லாம் கூழாப் போயிருந்துது" என்றார். பையிலிருந்து ஈரத்தில் உருண்டுபோன ஒரு பழுப்புக் கட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அதில் என்ன இருந்தாலும் இனிமேல் யாராலும் படிக்க முடியாது.

அன்றைக்கு விளக்கு வைத்த பிறகும் அவர் கடையை அடைக்கவில்லை. இலைப் படத்தை வெளியே எடுத்து மேசையில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள், பென்சில்.

"என்ன பண்றீங்க?"

"பிள்ளை கையெழுத்து மாதிரி எழுதறது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. கேலண்டர்ல அழிஞ்ச எழுத்தையே திருத்திக் குடுத்திருக்கேன். என்ன எழுதறதுங்கிறதுதான்." என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "துண்டு கிடைச்சுடுச்சுன்னு சொல்லிடலாம்" என்றார்.

பொய்யே பேசாத மனுஷன். எனக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? பொய்யாவது அவள் சுவரில் தொங்கட்டும் என்றுதான் எனக்கும் பட்டது.

"'புழுவுக்கு வயிறு நிறைஞ்சுது'. எப்படி?" என்றார்.

"இதுல அம்மா எங்க வர்றா? அம்மாவுக்குன்னு எழுதியிருக்கா இல்ல?"

"அப்ப நீ சொல்லு, கவிராயி."

எனக்கும் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக வந்தது. 'அம்மா, உன் முகமும் தெரியுது'. 'நீ இல்லாத வானம்'. 'அங்கேயும் இதே வானம்தான்'. கடைசியாகச் சொன்னது எனக்கே ரொம்பப் பிடித்துப்போய்க் கண் கலங்கிவிட்டது. அவர் அதை எழுதிப் பார்த்தார். இலையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீ எழுதினது" என்றார். "பல்லு விழுந்த பிள்ளை. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுதுன்னு அந்தப் பொண்ணு சொன்னா இல்ல? சிரிச்சுக்கிட்டு இதையா எழுதியிருக்கும்?"

உண்மைதான். நாங்கள் யோசித்ததெல்லாம் பிரிவு, வானம், அம்மா, துக்கம். அந்தப் பிள்ளை ஏதோ சிரிக்கிற மாதிரி எழுதியிருக்கிறது. அது என்ன சிரிப்பு என்று எங்கள் இரண்டு பேருக்கும் பிடிபடவே இல்லை. அவர் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார்.

"நம்ம பையன் சின்னதுல வரைஞ்சது ஏதாவது வீட்ல இருக்கா?" என்று கேட்டார், கடையைப் பூட்டும்போது.

"இல்லையே."

"கண்ணாடிக்கு நடுவுல வெச்சிருப்பேன்" என்றார்.

மறுநாள் அவரே மருந்துக்கடைக்குப் போய், கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மகளிடமே கேட்டுவிடுகிறேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். படத்தைக் காட்டிக் கேட்டால் ஞாபகம் வரும். அதனால் எங்கள் கடைக்கே வந்து, இங்கிருந்தே பேசுகிறாளாம். பிள்ளை சொல்லச் சொல்ல இங்கேயே எழுதிவிடலாம். "அவ சொல்லிடுவாங்க. அவளுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி" என்றாளாம்.

ஞாயிறு எங்களுக்குக் கடை கிடையாது. அவளுக்காகப் பாதிக் கதவைத் திறந்து வைத்தோம். டீச்சர் மிச்சத் தாளைக் காலையில்தான் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுக்காரர் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, இரண்டு விளிம்பையும் மெல்லியதாகச் சுரண்டி, பசை தடவி, இலைப் படத்தின் அடியில் ஒட்டுப்போட்டார். நானே கண்ணைக் கிட்டே கொண்டுபோய்த்தான் இணைப்பைக் கண்டுபிடித்தேன். பழைய அளவுக்குத் தாள் திரும்ப வந்துவிட்டது. ரெடிமேட் ஃப்ரேமைத் தூக்கிப்போட்டுவிட்டு, நல்ல மரத்தில் பெரிய சட்டம் ஒன்று செய்து வைத்திருந்தார். பென்சிலைச் சீவி, பிள்ளைகள் எழுதுவது போலத் தடிமனாக வரவேண்டும் என்று நுனியைக் கொஞ்சம் மழுக்கிவைத்தார்.

அவள் நல்ல உடை உடுத்தி, தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தாள். போனில் முகம் தெரியுமே. கொடுத்த நேரத்துக்கு முன்னால் கூப்பிடக் கூடாதாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அம்மா!" திரை முழுக்க ஒரு நெற்றியும் இரண்டு கண்ணும். "நீ எங்க இருக்க? இது யாரு வீடு?"

"கடைடா சிட்டு. உன் படத்துக்கு ஃப்ரேம் போட்ட கடை. சாப்பிட்டியா? இருமல் விட்டுடுச்சா?"

"ம்ம். அம்மா, இங்க ஒரு நாய் இருக்கு, பக்கத்து வீட்ல. என் கையை நக்கிச்சு."

நாயைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசினார்கள். அதன் காது, அதன் வால், அது தண்ணீர் குடிக்கிற விதம். அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். பிறகு போனைத் திருப்பி மேசை மேலிருந்த படத்தைக் காட்டினாள்.

"இது என்னன்னு பாரு."

"எது? ...ஓ, இலை."

"இதுல மூணாவது வரி என்னடா எழுதின? கீழ எழுதினியே? அது கொஞ்சம் கிழிஞ்சு போச்சு."

வெட்டியதைச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு வரியா எழுதினேன்?"

"ஆமாடா. அம்மாவுக்குன்னு எழுதினேன்னு சொன்னே இல்ல? வாயைப் பொத்திக்கிட்டு. ரோட்ல நடந்து வரும்போது."

பிள்ளை நிஜமாகவே யோசித்தது. உதட்டைப் பிதுக்கி, மேலே பார்த்து, ஒரு கண்ணை மூடி யோசித்தது. நாங்கள் மூன்று பேரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஞாபகம் வரலயேம்மா."

"மெதுவா யோசி. அம்மா இருக்கேன்."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "பாப்பா, கார் வந்துடுச்சு. நீச்சல் கிளாஸுக்கு நேரமாச்சு பாரு" என்றது. பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி "இதோ வரேன் அத்தை" என்றது. எவ்வளவு சுலபமாக வந்தது அந்த அத்தை.

"அம்மா, நீயே ஒண்ணு எழுதிக்கோயேன். என் பேரைப் போட்டுக்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சரியா? உம்மா." திரை அணைந்துவிட்டது.

அவள் போனைப் பைக்குள் வைத்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "எழுதிக்கச் சொல்லிட்டா" என்றாள். "நல்லாத்தான் இருக்கா, இல்லைங்க? கன்னம்கூடக் கொஞ்சம் வெச்சிருக்கு."

"ஆமாம்மா, நல்லா இருக்கா" என்றேன். இவ்வளவு நல்லபடியாக அந்தப் பிள்ளை இருக்கிறதே என்று யாரைக் கோபித்துக்கொள்வது?

வீட்டுக்காரர் பென்சிலை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். குனிந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, ஒட்டுப்போட்ட வெறும் தாளுக்கு மேலே பென்சிலைப் பிடித்தாள். நுனி தாளைத் தொட வந்து தொடாமலே நின்றது. எத்தனை பேர் கிறுக்கலைப் படித்துச் சொன்ன பெண். நான் வேண்டுமென்றே எழுந்து, துடைத்திருந்த கவுண்டரையே மறுபடியும் துடைத்தேன். திரும்பிப் பார்த்தபோது பென்சிலைத் தாளுக்கு வெளியே, மேசையில் வைத்துவிட்டிருந்தாள்.

"எனக்கு வராதுங்க. மூடிடுங்க."

"நாளைக்கு வாங்களேன். பசை இன்னும் காயலை" என்றார் வீட்டுக்காரர்.

"இல்லைங்க, இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடறேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்து, தாளை வைத்து, பின்னட்டையைப் பொருத்தினார். வழக்கமாகச் சுற்றிலும் டேப் ஒட்டி அடைத்துவிடுவார். இதை அடைக்கவில்லை. நாலு மூலையிலும் சின்ன ஆணியை வளைத்து மட்டும் விட்டார். "காத்துப் போகணும்மா. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ரெண்டு கையாலயும் தட்டையாப் பிடிச்சுக்கோங்க. சாய்ச்சா ஒட்டு விட்டுடும்" என்றார். காகிதத்தில் சுற்றவும் முடியாது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வாங்கிக்கொண்டாள். நான் கதவை முழுக்கத் திறந்துவிட்டேன்.

எதிர்ப்பக்கம்தான் பஸ் நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமை, வேறு யாரும் இல்லை. தூறல் விட்டிருந்தாலும் வானம் மூடிக்கொண்டுதான் இருந்தது. விளிம்புவரை தண்ணீர் நிறைந்த தட்டைப் பிடித்திருப்பவள் போல அசையாமல் நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் கதவருகிலேயே நின்றுவிட்டோம். உள்ளே போக மனசு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பஸ் வந்தது. இந்த நிறுத்தத்தில் கை காட்டினால்தான் நிறுத்துவார்கள். அவள் ஓரடி முன்னால் வந்தாள். ஒரு கையை எடுக்கப் பார்த்தாள், படம் சாய்ந்தது, சட்டென்று மறுபடியும் பிடித்துக்கொண்டாள். முகவாயை மட்டும் தூக்கிக் காட்டினாள். பஸ் வேகம்கூடக் குறையாமல் போய்விட்டது.

"அட, நிறுத்தாம போறானே!" என்று நான் கத்தினேன். யாருக்குக் கேட்கப் போகிறது. அவள் படத்தில்தான் கண்ணாக இருந்தாள், ஒட்டு நகர்ந்துவிட்டதா என்று.

வீட்டுக்காரர் படியிறங்கினார். வீங்கிய முட்டியோடு இழுத்து இழுத்து நடந்து சாலையைக் கடந்தார். அவளுக்கு ஓரடி முன்னால் போய், சாலையின் விளிம்பில் நின்று, கையை நீட்டினார். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. வளைவுவரை சாலை காலியாகக் கிடந்தது. அவர் கையை இறக்கவே இல்லை.